இரண்டு கடை மாத்திரை

மே 18, ஞாயிறு

சுரண்டையில் முகூர்த்தம். மணப்பெண்ணை மேடையேற்றிவிட்டு அலங்காரப் பெட்டியோடு மண்டபத்துப் படி இறங்கும்போது இடது கால் மடங்கிவிட்டது. யாரோ பன்னீர்ச் செம்பைப் படியில் கவிழ்த்திருக்கிறார்கள். விழுந்தும் பெட்டியை நான் விடவில்லை. கூட வேலை செய்யும் ஆபிதா முதலில் பெட்டியைத்தான் வாங்கினாள், அப்புறம்தான் என்னைத் தூக்கினாள். நான் பழக்கிய ஆள், வேறு எப்படி இருப்பாள்.

தென்காசி வந்து சேர்வதற்குள் கணுக்கால் நன்றாக வீங்கிவிட்டது. எங்கள் தெருமுனை மருந்துக்கடை மாமனாரின் தம்பியுடையது. சின்ன மாமா காலைப் பார்த்துவிட்டு, வலிக்கும் வீக்கத்துக்கும் சேர்த்து மாத்திரை கத்தரித்துக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஐந்து நாளைக்கு.

நொண்டிக்கொண்டே பார்லருக்கு வந்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் கடையைத் திறக்கும் உழைப்பாளி என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். நான் தினமும் மாடிப்படி ஏறி வருவது இன்னொரு மாத்திரைக்காக. குழந்தை உண்டாகாமல் இருக்க எட்டு மாதமாகப் போடுகிறேன். அது வளையல் டப்பாவுக்கு அடியில் இங்கேயே இருக்கிறது. சின்ன மாமா கடையில் அதை வாங்கினால் நான் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் அத்தைக்குத் தெரிந்திருக்கும். அதனால் பார்லருக்குச் சரக்கு எடுக்கத் திருநெல்வேலி போகும்போது அங்கே ஒரு கடையில் வாங்கிக்கொள்கிறேன். எழுதிக் கொடுத்தவரும் அந்த ஊர் டாக்டர்தான், ஜெசிந்தா.

நகைக்கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த டைரிக்கு இவ்வளவு ரகசியம் அதிகம்.

மே 19, திங்கள்

அத்தை, என் மாமியார் கோமதியம்மாள், தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வர வெளியே வந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காலையில் வாசலில் நாலைந்து பேர் முதுகைப் பிடித்துக்கொண்டும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டும் நிற்பார்கள். அத்தை யாரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கமாட்டார். வலது பாதத்தில் வேப்பெண்ணெயைத் தடவி, வலிக்கிற இடத்தில் அழுத்தி இறக்கிவிடுவார். சரியாகிறதோ இல்லையோ, போகிறவர்கள் முகம் மலர்ந்துதான் போகிறார்கள்.

இன்று முதல் ஆள் நான். "பல்லக் கடிச்சுக்கோட்டி" என்று சொல்லிவிட்டு மிதித்தார். அப்புறம் உட்கார்ந்து காலை மடியில் வைத்துக் கையாலேயும் நீவினார்.

எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. என்னை யாரும் இப்படி உட்காரவைத்துத் தொட்டு ரொம்ப நாளாகிறது. ஊரில் உள்ளவர்கள் முகத்தையெல்லாம் நான்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தை வலி என்று நினைத்துக்கொண்டு இன்னும் மெதுவாக நீவினார்.

மே 21, புதன்

வலி மாத்திரை நன்றாகக் கேட்கிறது. ஆனால் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஏதோ ஒரு மாத்திரை போட்டால் இன்னொரு மாத்திரை வேலை செய்யாது என்று ஒரு வாடிக்கைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். இந்த வலி மாத்திரை அந்த மாத்திரையைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது?

வீட்டுக்குப் போகும் வழியில் சின்ன மாமாவிடம், இதோடு வேறு மாத்திரை எதுவும் போடலாமா என்று பொதுவாகக் கேட்டேன். என்ன மாத்திரை என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சத்து மாத்திரை என்றேன். தாராளமாகப் போடு, அடுத்த பிள்ளைக்கு உடம்பு தெம்பாக வேண்டாமா என்று அவர் பங்குக்கு ஒரு சத்து மாத்திரை அட்டையையும் கையில் கொடுத்தார். பாவி மனுஷர், எவ்வளவு பிரியமாகக் கொடுத்தார்.

மே 24, சனி

ஐந்து நாள் மாத்திரை தீர்ந்துவிட்டது. கணுக்கால் வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. ஆனாலும் வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன, நாள் முழுக்க நின்றால் காலில் உளைச்சல். இன்னொரு அட்டை வாங்கிக்கொண்டேன். சொந்தக்காரர் கடையில் சீட்டெல்லாம் யார் கேட்கிறார்கள்.

இன்று இவரிடம் மறுபடியும் பேச்செடுத்தேன். என் வீட்டுக்காரர் சிவசைலம், செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் மேஸ்திரி. தேக்குத் தடியை ஒற்றை ஆளாகப் புரட்டுவார், அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மாத்திரை விஷயம் அவருக்கு முதலிலிருந்தே தெரியும். அவருக்கும் சம்மதம்தான். எப்போது சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். சொல்லலாம், ஆடி போகட்டும் என்றார். போன தடவை தை போகட்டும் என்றார்.

ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்டால் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. நிறைமதி பிறந்தபோது நான் ஒரு கஷ்டமும் படவில்லை. அவளுக்கு ஆறு வயது, என் உயிர் அவள். பார்லர் நன்றாகப் போகிறது. இருப்பது போதும் என்று இருக்கிறது. பெரிய காரணம் இருந்தால் சொல்லிவிடலாம். வேண்டாம் என்பது மட்டுமே காரணமாக இருப்பதால்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

மே 26, திங்கள்

நிறைமதிக்குப் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்தாயிற்று. பாவாடையை இரண்டு விரல் கூடுதலாக மடித்துத் தைக்கச் சொன்னேன்.

மே 29, வியாழன்

தூத்துக்குடியில் ஒரு வரவேற்பு. காரில் பின் இருக்கையில் பெட்டிகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து போய், அதேபோல உட்கார்ந்து திரும்பி வந்தேன். பெண் அழகி, ஆனால் போட்டதெல்லாம் போதாது போதாது என்று பெண்ணின் அத்தை நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றுமே போடாத தூரிகையை முகத்தில் இரண்டு தடவை ஓட்டினேன். இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார்.

இடது கெண்டைக்கால் பிடித்தாற்போல் இருக்கிறது. கணுக்காலில் இருந்தது மேலே ஏறியிருக்கிறது போலிருக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

சஷ்டி. அத்தை விரதம். எனக்கு அடுத்த பிள்ளை தங்க வேண்டும் என்றுதான் இருக்கிறார், எட்டு மாதமாக. சர்க்கரை வியாதிக்காரர், ஒரு வேளை மாத்திரையைக்கூடச் சாப்பாடில்லாமல் போட முடியாதவர், பாலும் பழமுமாக நாளை ஓட்டுகிறார். நான் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன்.

குளிக்கும்போது பார்த்தேன், இடது கொலுசு சதையைப் பிடித்திருக்கிறது. வலது காலில் இரண்டு விரல் நுழைகிறது. சோப்புப் போட்டுக் கழற்றவேண்டியதாயிற்று. கெண்டைக்கால் கொஞ்சம் சிவப்பாகவும் சூடாகவும் இருந்தது. வெயில்தான்.

சாயங்காலம் அத்தை, பட்டினி வயிற்றோடு, என் கெண்டைக்காலை நன்றாக மிதித்து நீவிவிட்டார். இன்று உண்மையாகவே வலியால் அழுதேன்.

ஜூன் 2, திங்கள்

பார்லர் படியேறும்போது பாதியில் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபிதா என்னக்கா என்று கேட்டாள். எடை கூடிவிட்டது, ராத்திரிச் சோற்றைக் குறைக்கவேண்டும் என்றேன்.

காலையிலும் ராத்திரியிலும் இரண்டிரண்டு வலி மாத்திரையாகப் போட்டுக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு பெரிய வீட்டுக் கல்யாணம், அதுவரை தாங்கிவிட்டால் போதும்.

ஜூன் 3, செவ்வாய்

அத்தையே பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனார். பக்கத்துச் சின்ன மருத்துவமனை, அறைக்குள் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் காலைப் பார்த்தார், எப்போது மடங்கியது என்று கேட்டார். அப்புறம் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அத்தை சொல்லிவிட்டார். "ஒண்ணும் கிடையாதுங்க. என் மருமவ தலைவலிக்குக்கூட மாத்திரை திங்க மாட்டா. அடுத்த பிள்ளைக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடி எனக்கு இருந்தது. அத்தை அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன். தசைப்பிடிப்பு என்று சொல்லி இன்னும் வீரியமான வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சின்ன மாமா கடையில்தான் வாங்கினோம்.

ஜூன் 4, புதன்

இரண்டு புருவம், ஒரு மருதாணி. உட்கார்ந்தே செய்தேன்.

ஜூன் 7, சனி

திருநெல்வேலி, ஆஸ்பத்திரிக் கட்டில். டைரியை ஆபிதா கொண்டுவந்து கொடுத்தாள். வளையல் டப்பாவுக்கு அடியில் இருந்ததையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன் அக்கா என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான்தான் ஊரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வாடிக்கையாளர் யாரும் இல்லை. புது மாத்திரை வீரியமானதாயிற்றே, அது கருத்தடை மாத்திரையைக் கெடுத்துவிட்டால் என்று பழைய பயம் வந்துவிட்டது. பொறுக்கமாட்டாமல் டாக்டர் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, சாதாரணமாக வலி மாத்திரையால் அந்த மாத்திரை கெடாது என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. போனை வைக்கப் போனேன்.

"ஆமா, வலி மாத்திரை எதுக்கும்மா சாப்பிடுறீங்க?" என்றார்.

கால் என்றேன்.

"ஒரு காலா, ரெண்டு காலுமா?"

ஒரு கால் என்றேன். வீக்கமா, சூடா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லச் சொல்ல அவர் குரலில் சிரிப்பு போய்விட்டது. ரத்தம் உறைந்து ரத்தக் குழாய்க்குள் கட்டியிருக்கலாம், இப்போதே கிளம்பி வாருங்கள் என்றார். "அந்தக் காலை யாரும் பிடிச்சுவிடக் கூடாது, நீவக் கூடாது. கட்டி நகந்து நெஞ்சுக்குப் போயிட்டா உயிருக்கு ஆபத்து. புரியுதா?"

ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். இவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அத்தை வேப்பெண்ணெயைச் சூடுபண்ணி, பாயை விரித்து, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஆபத்து என்று சொல்லியிருந்தும் நான் என்ன செய்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. போய்ப் பாயில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஏன் என்று கேட்பார், அதற்குப் பதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இவரைப் பார்த்தேன். நீங்கள் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அத்தை என் காலை எடுத்து மடியில் வைத்தார்.

"கை வைக்காதீங்க அத்தை" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அப்புறம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை வேண்டாம் என்று மாத்திரை சாப்பிடுகிறேன், அதோடு வலி மாத்திரையும் சேர்ந்து காலில் ரத்தம் கட்டியிருக்கலாமாம், நீவினால் உயிர் போய்விடுமாம். ஒரே மூச்சில் சொன்னேன். அதற்கே மூச்சு வாங்கியது.

அத்தை என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

இவர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றிருந்தார். அத்தை அவரை ஏறிட்டுப் பார்த்தார். "நான் மிதிக்கதப் பாத்துக்கிட்டு இருந்தியேல நீ" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் இவர் கொஞ்சம் தப்பித்திருப்பார்.

மிதிப்பது ஆபத்து என்று இவருக்குத் தெரியாது, பாவம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆனாலும் அத்தைக்கு எடுத்துச் சொல்லி நான் இவரைக் காப்பாற்றவில்லை.

காரில் அத்தை என் பக்கத்தில்தான் வந்தார். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், ஆனால் தொடவில்லை. இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றிக்கொண்டே வந்தார். அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைக்காலிலிருந்து தொடைவரை கட்டி. நுரையீரலிலும் சின்னதாக ஒன்று போயிருக்கிறது. அந்தப் படிக்கட்டு மூச்சு அதுதான்.

பயந்துபோனேன். நிறைமதியின் பாவாடை மடிப்பை யார் பிரித்துவிடுவார்கள் என்றெல்லாம் நினைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பெரிய வீட்டுக் கல்யாணம். ஆபிதா தனியாகவே செய்துவிட்டாள். போட்டோ அனுப்பியிருக்கிறாள். கண்மை கொஞ்சம் தூக்கல், மற்றபடி எனக்கே பொறாமை வருகிற மாதிரி இருக்கிறது. நல்லாயிருக்கு என்று மட்டும் எழுதி அனுப்பினேன். முழுக்கச் சொன்னால் தலைகீழாக நடப்பாள்.

டாக்டர் ஜெசிந்தா நின்று நிதானமாக விளக்கினார். நான் சாப்பிட்ட கருத்தடை மாத்திரைக்கு ரத்தத்தைக் கொஞ்சம் உறையவைக்கும் குணம் உண்டு. ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி ஆகும். கூடவே சில வலி மாத்திரைகளும் சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடலாம். அடிபட்ட கால், கார்ப் பயணம், அதுவும் உண்டு. இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டி விரல் நீட்ட முடியாது என்றார். ஆனால் வலி மாத்திரை போட்டுப் போட்டு வலியை அமுக்கிவிட்டதால் நாள் கடந்துபோயிற்று என்றார்.

"ரெண்டு மாத்திரையும் ஒரே கடையில வாங்கியிருந்தா, கடைக்காரரே ஒரு வார்த்தை கேட்டிருப்பாரு" என்றார்.

எங்கள் சின்ன மாமா எங்கே கேட்பது. ஊருக்கே தண்டோரா போட்டிருப்பார். ஆனாலும் டாக்டர் சொன்னது சரிதான்.

ஜூன் 9, திங்கள்

நாலு நாளாக அத்தை என்னிடம் பேசவில்லை. வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவருகிறார், தலை வாரிவிடுகிறார், நர்ஸ் ஊசி போடும்போது தலையணையைச் சரிசெய்கிறார். பேச்சு மட்டும் இல்லை. இவரிடம் அந்தக் கவனிப்பும் இல்லை. அவர் வந்தால் அத்தை வராந்தாவுக்குப் போய்விடுகிறார்.

இன்று கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேசினார்.

"அன்னைக்கி அந்த டாக்டரு ஒங்கிட்டத்தான கேட்டாரு. நாந்தான முந்திக்கிட்டுச் சொன்னேன், ஒண்ணும் திங்கலன்னு. நீ செத்துப்போயிருந்தா என் வாய்தானட்டி ஒன்னயக் கொன்னுருக்கும்."

இல்லை அத்தை, நான்தான் மறைத்தேன் என்றேன்.

"நீ மறைச்ச. நான் ஏன் பேசுனேன்? என் உடம்பா அது?"

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் போகவில்லை. நான் மறைத்த கோபம் ஒரு பக்கம், பேரன் இல்லை என்கிற வருத்தம் ஒரு பக்கம், எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் இந்த மனுஷிக்கு நான் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேரனைப் பெற்றுக் கொடுப்பதற்காக இல்லை. சும்மாவே வேண்டும்.

கஞ்சியில் உப்பில்லை. முழுவதையும் குடித்தேன்.

ஜூன் 12, வியாழன்

வீடு வந்தோம். நீண்ட காலுறை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இதோடு வலி மாத்திரை தொடவே கூடாதாம், உள்ளே ரத்தம் கசியுமாம். சின்ன மாமா பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று, நீ எங்கிட்டக் கேட்டிருக்கலாமேம்மா என்றார். கேட்டேன் சின்ன மாமா, சத்து மாத்திரை என்று கேட்டேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

காலையில் வாசலில் வழக்கம்போல ஆட்கள். படுத்திருந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை இப்போது யாரையும் எடுத்த எடுப்பில் மிதிப்பதில்லை. முதலில் விசாரணை. ஒரு காலா, ரெண்டு காலா, சூடா இருக்கா, மாத்திரை ஏதும் திங்கியா. கழுத்துச் சுளுக்கோடு வந்த மீசைக்காரப் பால்காரரிடமும் பிள்ளை வேண்டாம்னு மாத்திரை திங்கியா என்று கேட்டுவிட்டார். அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் அப்படியே நின்றிருக்கிறார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

கீழத்தெரு பெண் ஒருத்தி கெண்டைக்கால் வலி என்று வந்தாள். அத்தை அவளைத் தொடவே இல்லை. டாக்டர்ட்ட போ, தனியாப் போ, மாமியாரைக் கூட்டிட்டுப் போகாத என்று அனுப்பிவிட்டார்.

இவரிடம் அத்தைக்கு இன்னும் பேச்சு இல்லை. தட்டில் சோறு விழுகிறது, அவ்வளவுதான். நேற்று அவர் என்னிடம், நான் சொல்லியிருக்கணும் உலகு என்றார். ஆமாம், சொல்லியிருக்கணும் என்றேன். உலகேஸ்வரி என்கிற என் முழுப்பேர் கல்யாணப் பத்திரிகையோடு போயிற்று. உலகு என்று கூப்பிடும்போது இன்னும் மனசு இளகத்தான் செய்கிறது. ஆனாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

திருநெல்வேலிக்கு மறுபரிசோதனை. இவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். அறைக்குள் நானும் அத்தையும்தான் போனோம். இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், பிரசவத்துக்கு வந்த ஆண்கள் உட்காருகிற அதே மாதிரி.

கட்டி கரைந்துகொண்டு வருகிறதாம். இந்த மாத்திரை இன்னும் சில மாதம் தொடரவேண்டும். இதைச் சாப்பிடும்போது குழந்தை உண்டாகக் கூடாது. பழைய கருத்தடை மாத்திரையை இனி ஆயுசுக்கும் தொடக்கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கப்புறம் இன்னொரு குழந்தை வேணுமா, வேண்டாமா? அது தெரிஞ்சாத்தான் எந்த வழி சரிவரும்னு நான் சொல்ல முடியும்."

பழக்கதோஷம், அத்தை வாயைத் திறந்துவிட்டார். திறந்தவர் மூடிக்கொண்டார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் வெளிய இருக்கேன். நீ பேசிட்டு வா."

அவர் போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் மறுபடியும் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க அத்தை" என்றேன். அவர் உட்கார்ந்தார். டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு ஒரு பிள்ளை போதும். பயந்துபோய்ச் சொல்லல டாக்டர், இதுக்கு முன்னாடியே அப்படித்தான்."

அத்தையின் கை என் கைக்குள் இருந்தது. அதை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ஒவ்வொரு வழியாகச் சொன்னார். காப்பர்-டி வைத்தால், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு சேர்ந்து மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகலாம். எனக்கு ஆப்பரேஷன் என்றால் இப்போது முடியாது. ஆண்களுக்குச் செய்வது இருக்கிறது, சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம், மூன்று மாதம் கழித்துச் சோதனை செய்கிறவரை மட்டும் கவனமாக இருக்கவேண்டும். ஆனால் நம் பக்கம் அதற்கு யாரும் வருவதில்லை என்று அவரே சொல்லி முடித்துவிட்டு அடுத்த வழிக்குப் போனார்.

அத்தை நடுவில் மறித்தார்.

"அந்த ஆப்பரேசனுக்கு அவன் எத்தன நாளு லீவு போடணும்?"

டாக்டர் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். நானும்தான். இரண்டு நாள் போதும், ஒரு வாரத்துக்குக் கனமாக எதுவும் தூக்கக்கூடாது என்றார்.

அத்தை அந்த ஒரு வாரத்தை யோசித்துப் பார்த்தார். மரக்கடையில் அப்படி ஒரு வாரம் கிடைக்குமா என்று கணக்குப் போட்டிருப்பார். அவர் கண் நிறைந்திருந்தது. பேரன் என்ற பேச்சு அந்த நாற்காலியிலேயே முடிந்துபோனது அவருக்கும் தெரியும். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். ஒரு மாதமாகத் தன் மகனிடம் பேசாதவர்.

"ஏல, உள்ள வா. டாக்டரம்மா ஒங்கிட்ட ஒண்ணு கேக்காவ. நீயே பதில் சொல்லு."